துரு நிறச் சேலையும் பச்சைக் கண்ணாடி வளையலும்

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிற சந்து ஒன்றில் பெண்கள் உடை மாற்றும் அறை வைத்திருக்கிறேன். நாலு தடுப்பு, ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, பை வைக்க இருபது இரும்பு லாக்கர், பின்பக்கம் ஈரத்துணி போட ஒரு கொடிக்கயிறு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் வடக்கத்திக்காரர்கள். அவர்கள் இந்தி எனக்கு வராது, என் தமிழ் அவர்களுக்கு வராது. இரண்டு பக்கத்துக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான் பாலம். அதுவும் பழைய பாம்பன் பாலம் மாதிரி, சமயத்தில் நடுவில் திறந்துகொள்ளும். இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவர்கள்.

நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆங்கிலத்தில் 'திஸ் இஸ் மை பேக்' வரைக்கும் பிரச்சினை இல்லை. துணிமணியைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்தான் திண்டாட்டம். ஆனால் என் தொழிலில் பேச்சு முழுக்கத் துணிமணிதான்.

2018 தை அமாவாசை. கடற்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். புனேயிலிருந்து வந்த குடும்பம் ஒன்று என்னிடம் பைகளையும் கைபேசிகளையும் வைத்துவிட்டுத் தீர்த்தமாடப் போனது. கைபேசியைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது, அதனால் எல்லாருடைய போனும் என் லாக்கரில்தான் இருக்கும். ரெண்டு மணி நேரம் கழித்து அந்த வீட்டுப் பெண், இருபது வயது இருக்கும், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஓடி வந்தாள். பாட்டியைக் காணோம்.

"வாட் கலர் சாரி?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வி எனக்குத் தண்ணி பட்ட பாடு.

"ரஸ்ட்," என்றாள்.

என் காதில் 'ரெட்' என்று விழுந்தது. சந்து முனையில் இருந்த உதவி மேசைக்கு ஓடிப்போய், சிவப்புச் சேலை, எழுபது வயசு, வடக்கத்திப் பாட்டி என்று சொன்னேன். மைக்கிலும் அப்படியே சொன்னார்கள். தை அமாவாசை அன்றைக்கு ராமேஸ்வரத்தில் சிவப்புச் சேலை கட்டிய பாட்டிகளை வரிசையில் நிறுத்தினால் வரிசை தனுஷ்கோடி வரை போகும். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாட்டிகளை என் கடைக்குக் கூட்டி வந்தார்கள். அந்தப் பெண் மூன்று முறையும் தலையை ஆட்டினாள். மூன்றாவது பாட்டி பாவம், ஆந்திராக்காரர். அவர் குடும்பம் அங்கே அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அவளுக்குத் தோன்றி, லாக்கரைத் திறந்து போனில் காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். சேலை சிவப்பே இல்லை. செங்கல்லும் காப்பித்தூளும் கலந்த மாதிரி ஒரு நிறம். நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டு, நான் பிடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கம்பியைத் தொட்டுக் காட்டி, "ரஸ்ட், ரஸ்ட்," என்றாள். கையை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் துரு.

உப்புக்காற்றில் இங்கே துருப்பிடிக்காதது எது? சைக்கிள், கேட், கொடியில் போடுகிற கிளிப்பின் கம்பி, என் இருபது லாக்கர். பிறந்ததிலிருந்து துருவோடு குடித்தனம் செய்கிறேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று அன்றைக்கு வரை யோசித்ததே இல்லை. துரு ஒரு சேலைக்கு நிறமாகும் என்பது அதற்கும் மேல்.

சரி, நிறம் தெரிந்துவிட்டது, இனிக் கிடைத்துவிடுவார் என்று நினைத்தால், கிடைக்கவில்லை. பாட்டியோடு போன பெரிய மருமகள் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு தீர்த்தமும் முடிந்ததும் பாட்டிக்குச் சேலை மாற்றிவிட்டாராம். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக்கூடாது இல்லையா. இப்போது பாட்டி கட்டியிருப்பது மஞ்சள். நான் சொன்ன நிறமும் தப்பு, அவள் சொன்ன நிறமும் தப்பு, போனில் இருந்த படமும் தப்பு.

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வார்த்தை இல்லாத குறைக்கு என் உடம்பையே தொட்டுத் தொட்டுக் கேட்டேன். தலையைத் தொட்டேன், "திஸ்?" காதைத் தொட்டேன், மூக்கைத் தொட்டேன், கழுத்து, மணிக்கட்டு. மணிக்கட்டுக்கு வந்ததும் அவள் துள்ளினாள். "யெஸ்! கிரீன் பேங்கிள்ஸ். கிளாஸ் பேங்கிள்ஸ். லாட்ஸ்!"

எதிரே தரையில் விரித்துக் கிளிஞ்சல் மாலை விற்கிற தங்கச்சிமடத்து அக்கா அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். "ஏத்தா, கை நெறையப் பச்சை வளவி போட்ட கெழவியா? கண்ணாடிய கயித்துல கட்டித் தொங்கவிட்டிருக்குமே? காலையில இங்கன உக்காந்துதான் சங்கு வெல கேட்டுச்சு," என்றவர் கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணோடு கிளம்பினார். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண் என்பார்கள். அதில் ஏதோ ஒரு தூணில் சாய்ந்து பாட்டி தூங்கிக்கொண்டிருந்தாராம். மகாராஷ்டிரத்தில் கல்யாணமான பெண்கள் பச்சைக் கண்ணாடி வளையல் போடுவது வழக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்துக் கூட்டத்தில் அது தனியாகத் தெரியும்.

அன்று ராத்திரி மகளுடைய பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தேன். அவள் அப்போது எட்டாவது. முதல் பக்கத்தில் 'ரஸ்ட் என்றால் துரு' என்று எழுதினேன். அந்த நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாகிவிட்டது.

நோட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டது நான் தெரியாமல் இருந்த சொற்கள் அல்ல. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த சொற்கள். நாம் தமிழில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற இங்கிலீஷ் சொல் பலவற்றுக்கு வெளியூர்க்காரர்களிடம் வேறு அர்த்தம். டெல்லி அம்மா ஒருவரிடம் "யுவர் ஜாக்கெட் இஸ் ஹேங்கிங்" என்றேன். ஜாக்கெட்டே கொண்டுவரவில்லையே என்று அவர் அடித்துச் சொல்கிறார். நானும் விடவில்லை. கடைசியில் கொடியிலிருந்து எடுத்துக் காட்டினால், "ஓ, ப்ளவுஸ்!" அவர்களுக்கு ஜாக்கெட் என்றால் குளிருக்குப் போடுகிற மேல்சட்டை. நாம் ஷால் என்று சொல்கிற சுடிதார்த் துணிக்கு துப்பட்டா அல்லது ஸ்கார்ஃப். ஷால் என்றால் போர்த்திக்கொள்கிற கனமான துணி. நாம் செயின் என்றால் அவர்களுக்கும் கொஞ்சம் புரியும், ஆனால் கழுத்தில் போடுவதற்குப் பொதுப்பெயர் நெக்லஸ். கூலிங் கிளாஸ் என்றால் யாருக்கும் புரியாது, சன்கிளாஸஸ். இன்ஸ்கர்ட் கிடையாது, பெட்டிகோட். ஃபுல் ஹேண்டு சட்டை கிடையாது, லாங் ஸ்லீவ்ஸ். கை சட்டைக்குள் இருப்பது, ஸ்லீவ்தான் சட்டையோடு இருப்பது. இதை யோசித்துப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும்.

ட்ரெஸ் தனிக்கதை. நமக்கு உடுத்துவது எல்லாமே ட்ரெஸ். "உங்க ட்ரெஸ் எங்க?" என்று ஆம்பிளையைக்கூடக் கேட்போம். ஆங்கிலத்தில் 'எ ட்ரெஸ்' என்று ஒன்றாகச் சொன்னால் அது பெண்கள் போடுகிற, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு. பொதுவாகத் துணிமணி என்பதற்கு க்ளோத்ஸ். அதிலும் ஒரு கண்ணி உண்டு. க்ளோத் என்று ஒருமையில் சொன்னால் வெறும் துணி, மேசை துடைக்கிறதுகூட அதுதான். கடைசியில் அந்த 'ஸ்' வந்தால்தான் உடுத்துகிற துணி. நான் பல வருஷமாக எல்லாரிடமும் "கீப் யுவர் க்ளோத் ஹியர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கந்தல் துணியை வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்குமோ என்னவோ.

இங்கிலாந்துக்கார வயசான தம்பதி ஒருமுறை வந்தார்கள். ஐயா முழங்கால் வரை கடலில் இறங்கிவிட்டு வந்தார். நான் மரியாதையாக, "சார், யுவர் பேண்ட் இஸ் வெட்," என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலாவது, பேண்ட் என்று ஒருமையே கிடையாது. ரெண்டு கால் இருப்பதால் எப்போதும் பேண்ட்ஸ். இரண்டாவது, அமெரிக்காவில்தான் பேண்ட்ஸ் என்றால் கால்சட்டை. அவர்கள் ஊரில் அது உள்ளே போடுகிற ஜட்டி. அங்கே கால்சட்டைக்கு ட்ரவுசர்ஸ். நமக்கு டவுசர் என்றால் பள்ளிக்கூடப் பையன் போடுகிற அரைக்கால் சட்டை! மூன்று ஊரும் ஒரே சொல்லை மூன்று உயரத்தில் மாட்டியிருக்கிறது. வெஸ்ட் என்பதும் அப்படித்தான். இங்கிலாந்தில் நம்ம பனியன், அமெரிக்காவில் கோட்டுக்குள் போடுகிற கையில்லாத மேலங்கி. கைப்பையை அமெரிக்கர்கள் பர்ஸ் என்பார்கள், இங்கிலாந்துக்காரர்களுக்குப் பர்ஸ் என்றால் காசு வைக்கிற சின்னது. "மை பர்ஸ் இஸ் லாஸ்ட்" என்று யாராவது வந்தால், எவ்வளவு பெரியது என்று கையால் காட்டச் சொல்லிவிட்டுத்தான் இப்போது தேடவே ஆரம்பிக்கிறேன்.

ஜோடியாக வருகிற எதற்கும் 'எ பேர் ஆஃப்' போட வேண்டும் என்பதும் அந்த அம்மா சொன்னதுதான். கண்ணாடி, கால்சட்டை, செருப்பு, தோடு. செருப்பை நாம் ஸ்லிப்பர் என்கிறோம். அவர்களுக்கு அது வீட்டுக்குள் போடுகிற மெத்தென்ற ஒன்று. கடற்கரையில் போடுகிற ரப்பர் செருப்புக்கு ஃப்ளிப்-ஃப்ளாப்ஸ். நடக்கும்போது வருகிற சத்தம்தான் பேர். எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

நிறங்களைக் கற்கத்தான் நாளானது. நம்மிடம் நிறத்துக்குப் பஞ்சமா? அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, சந்தனம், மாம்பழ மஞ்சள் என்று பரமக்குடிச் சேலைக்காரர் பையைப் பிரித்தால் சொல்லிக்கொண்டே போவார். எல்லாமே கண்ணால் பார்த்த ஒரு பொருளின் பேர். ஆங்கிலத்திலும் அதே கதைதான், பொருள்தான் வேறே. துருவே ஒரு சாட்சி. நேவி ப்ளூ என்றால் இங்கிலாந்துக் கடற்படைக்காரர் சீருடையின் கருநீலம். டீல் என்பது ஒரு சின்ன வாத்தின் கண்ணோரப் பட்டை, நம் மயில்கழுத்துக்குப் பக்கம். மெரூன் கிட்டத்தட்ட அரக்கு. பெய்ஜ் சாயம் போடாத கம்பளியின் நிறம், நான் அதை 'தனுஷ்கோடி மணல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சால்மன் என்பது நம் கடலில் இல்லாத ஒரு மீனின் சதை நிறம்.

ஒன்றில் மட்டும் ஏமாந்தேன். 'மஸ்டர்டு' என்றால் கடுகு என்று அகராதியில் பார்த்து, ஒரு அம்மா தொலைத்த மஸ்டர்டு துப்பட்டாவைக் கறுப்பு என்று நினைத்துக் கொடி முழுக்கத் தேடினேன். அது என் மூக்குக்கு நேரே மங்கலான மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கடுகு என்று நினைப்பது அரைத்த விழுதை. தாளிக்கிற கடுகை அல்ல.

எந்த நோட்டிலும் இல்லாத ஒன்றை இந்தத் தொழில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ராமேஸ்வரத்தில் ஒரு துணிக்கு ரெண்டு நிறம். காய்ந்த நிறம், நனைந்த நிறம். இளநீலம் போனால் கருநீலமாகத் திரும்பி வரும். துரு போனால் காப்பிக்கொட்டை வரும். துணி காய்ந்திருக்கும்போது இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வரும். தண்ணீர் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் வெளிச்சம் உள்ளேயே போய் மாட்டிக்கொள்ளும், அதனால் கறுத்துத் தெரியும் என்று மகள் அறிவியல் பாடத்தோடு சேர்த்து விளக்கினாள். ஆகவே தீர்த்தத்துக்குப் போனவரைத் தேடும்போது நிறத்தை நம்புவதில்லை. துணியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறேன். கோடு, ஸ்ட்ரைப்ஸ். பூப்போட்டது, ஃப்ளோரல். புள்ளி, போல்கா டாட்ஸ். ஒன்றுமே இல்லாதது, ப்ளெயின். ஓரத்தில் கரை, பார்டர். கட்டம் போட்டதற்கு செக்டு என்று முடித்துவிட வேண்டும், செக்ஸ் என்று நிறுத்தினால் பின்னால் நிற்கிற பையன்கள் சிரிப்பார்கள். நம் கைலியில் வருகிற மாதிரிப் பல வண்ணக் கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றே பேர். எவ்வளவு நனைந்தாலும் கட்டம் கட்டம்தான், கரை கரைதான்.

அதைவிட நம்பிக்கையானது உடம்போடு இருக்கிற நகைநட்டு. தீர்த்தமாடிச் சேலை மாற்றினாலும் யாரும் மூக்குத்தியை மாற்றுவதில்லை. காதோடு ஒட்டியிருந்தால் ஸ்டட், ஜிமிக்கி மாதிரி ஆடினால் டேங்க்ளிங் இயரிங்ஸ், வளையமாக இருந்தால் ஹூப்ஸ். கொலுசு ஆங்க்லெட், மெட்டி டோ ரிங். வளையலில் ரெண்டு வகை உண்டு. கெட்டியாக, கையைக் குவித்து நுழைத்துப் போடுவது பேங்கிள். கொக்கி வைத்து மாட்டுகிற, தொங்குகிற மாதிரி இருப்பது பிரேஸ்லெட். பேங்கிள் என்பது இங்கிலீஷ் சொல் என்று நான் பயந்துகொண்டிருக்க, அதுவே இந்தியில் வளையலைச் சொல்கிற 'பங்ரி'யிலிருந்து போனதாம். பைஜாமாவும் காக்கியும்கூட இந்தப் பக்கத்திலிருந்து போனவைதான். கிளிஞ்சல் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்மகிட்ட எடுத்துட்டுப் போயி நமக்கே பரீட்சை வைக்கிறாக," என்றார்.

அக்காவுக்கும் வியாபாரத்துக்கு மூன்று சொல் தேவைப்பட்டது. நமக்குப் 'பொருத்தமா இருக்கு' என்ற ஒன்றிலேயே வேலை முடிந்துவிடும். அங்கே அளவு சரியாக இருந்தால் 'ஃபிட்ஸ்', போட்டவருக்கு எடுப்பாக இருந்தால் 'சூட்ஸ்', சேலை நிறத்தோடு ஜோடி சேர்ந்தால் 'மேட்சஸ்'. முன்பெல்லாம் அக்கா சங்கு வளையலைக் காட்டி எல்லாரிடமும் "மேடம், ஃபிட், ஃபிட்" என்பார். கை கொஞ்சம் பருமனான அம்மாக்கள் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு. இப்போது வங்காளத்துப் பெண்கள் வந்தால் "சூட்ஸ் யூ" என்று ராகம் போட்டுச் சொல்கிறார். அவர்களுக்குச் சங்கு வளையல் தாலி மாதிரி. இந்த மன்னார் வளைகுடாச் சங்குதான் அந்தக் காலத்திலிருந்தே வங்காளத்துக்குப் போய் வளையலாகியிருக்கிறது என்பதால் விலை படியாமல் போவது அபூர்வம்.

வினைச்சொல்லில் மட்டும் ஆங்கிலம் நமக்கு இரக்கம் காட்டுகிறது. நாம் சேலையைக் கட்டுவோம், சட்டையைப் போடுவோம், கண்ணாடியை மாட்டுவோம், பொட்டை வைப்போம், பூவைச் சூடுவோம். வெளியூர்க்காரர் தமிழ் படித்தால் இதிலேயே தலை சுற்றிவிடும். அங்கே எல்லாவற்றுக்கும் 'வேரிங்' ஒன்றுதான். "ஷீ இஸ் வேரிங்" என்று ஆரம்பித்துவிட்டால் செருப்பிலிருந்து பூ வரைக்கும் அடுக்கிக்கொண்டே போகலாம். 'புட் ஆன்' என்பது மாட்டிக்கொள்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும்.

ஆனால் சொற்களை அடுக்குவது நேர் எதிர். தமிழில் என்ன விவரம் இருந்தாலும் பொருளுக்கு முன்னாலேயே வந்துவிடும். 'தங்கக் கரை போட்ட நீல நூல்சேலை' என்போம். சேலை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் அளவு, நிறம், எதனால் ஆனது என்ற மூன்றை மட்டும் முன்னால் வைத்துவிட்டு, பொருளைச் சொல்லி, மீதியை 'வித்' போட்டுப் பின்னால் தள்ளிவிட வேண்டும். 'எ ப்ளூ காட்டன் சாரி வித் எ கோல்ட் பார்டர்.' இந்த 'வித்' பிடிபட்ட அன்றைக்கு எனக்குப் பாதி பயம் போய்விட்டது. முன்னால் மறந்துபோனதை எல்லாம் பின்னால் கோத்துவிடலாம்.

கீழக்கரை ராத்தா ஒருவரின் மகன் துபாயிலிருந்து வரும்போது விமானத்தில் பெட்டி வந்து சேரவில்லை. எங்கள் வீட்டுக்காரருடன் படித்த பையன். புகார் படிவம் எழுத எனக்குப் போன் போட்டான். 'கறுப்பு டிராலி' என்று மட்டும் எழுதியிருந்தான். கறுப்பு டிராலி இல்லாத விமானம் உண்டா? இந்த மாதிரிக் கவுண்டர்களில் பெட்டிகளின் வடிவத்தையும் நிறத்தையும் படம் போட்டு எண் கொடுத்த அட்டை வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, வடிவத்தைக் கைவைத்துக் காட்டச் சொன்னேன். கெட்டி ஓடு என்றால் ஹார்ட் ஷெல், துணி என்றால் சாஃப்ட். அப்புறம் 'வித்' போட்டு, கைப்பிடியில் அவன் அம்மா கட்டிவிட்ட பச்சை ரிப்பன், ஒரு சக்கரம் உடைந்தது. நாலாம் நாள் பெட்டி வந்தது. சக்கரம் உடைந்ததை எழுத அவனுக்குக் கொஞ்சம் வெட்கம். நான்தான் அதை முதலில் எழுது என்றேன்.

போன மாதம் ஒரு பையன் அழுதுகொண்டு வந்தான். குஜராத், பத்து வயது இருக்கும். அம்மாவைக் காணோம். அவனுக்கும் இங்கிலீஷ் என் அளவுதான். முதலில் தலையைத் தொட்டேன், காதைத் தொட்டேன், மூக்கைத் தொட்டேன். மூக்கில் நின்றான். "நோஸ் ரிங்? ஸ்டட்?" என்று விரலால் வட்டமும் புள்ளியும் போட்டுக் காட்டினேன். வட்டம் என்றான். சேலையில் என்ன போட்டிருக்கும் என்று தரையில் ஈர விரலால் கோடு, கட்டம், புள்ளி வரைந்தேன். புள்ளியைத் தொட்டான். கடைசியாகத்தான் நிறம் கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நேராகப் போய் என் ஏழாம் நம்பர் லாக்கர் கதவைத் தொட்டான்.

"ட்ரை ஆர் வெட்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெட்," என்றான்.

அக்கா அதற்குள் கடையை மூடித் துணி போட்டுவிட்டு எழுந்திருந்தார்.